பழைய விண்டோஸை விர்ச்சுவல் மெஷினில் ஏற்றும்போது: வடசென்னைக் கடைகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவரிடம் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 6.5 இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடையில் ஃபாக்ஸ்புரோவில் எழுதிய பில்லிங் இருக்கிறது. மணலிப் பக்கத்து லேத் பட்டறையில், மெஷினுக்குப் புரோகிராம் அனுப்பும் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியைத் தாண்டி எதிலும் திறக்காது. மென்பொருளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைச் சுமக்கும் பெட்டிதான் ஆண்டுக்கு ஆண்டு பலவீனமாகிறது. ராயபுரம், காசிமேடு பக்கம் உப்புக்காற்றில் மதர்போர்டு சீக்கிரமே அரித்துவிடும், அதே மதர்போர்டு புதிதாக வாங்கவும் கிடைக்காது. ஆகவே அந்தப் பழைய விண்டோஸைப் புதிய கம்ப்யூட்டருக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினாக (கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாலேயே ஓடும் இன்னொரு கம்ப்யூட்டராக) கொண்டுவந்துவிடுவதுதான் நல்ல வழி.

அந்த வேலை எங்கே சிக்கும், ஏன் சிக்கும் என்பதை இங்கே எழுதியிருக்கிறேன். விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும் கம்ப்யூட்டரில், விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைப் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஹோஸ்ட் என்பது நீங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் புதிய கம்ப்யூட்டர். கெஸ்ட் என்பது அதற்குள் ஓடும் பழைய விண்டோஸ். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய ஓ.எஸ். (விண்டோஸ் போன்ற இயங்குதளம்) ஏற மறுத்தால், பெரும்பாலும் நாம் அதற்குக் கொடுத்த மெஷின் அளவுக்கு மீறிப் புதியது, அளவுக்கு மீறி வேகமானது என்று அர்த்தம். குறைத்துக் கொடுங்கள், ஏறும்.

அண்ணா, மைக்ரோசாஃப்ட் கைவிட்ட விண்டோஸ் இப்போதும் ஓடுமா?

ஓடும். விண்டோஸ் 98-க்கான ஆதரவு 2006 ஜூலையிலும், 2000-க்கானது 2010 ஜூலையிலும், எக்ஸ்பிக்கானது 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7-க்கானது 2020 ஜனவரி 14 அன்றும் முடிந்தன. அதற்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, அவ்வளவுதான். ஓ.எஸ். தானாக நின்றுவிடாது.

விர்ச்சுவல்பாக்ஸ் பக்கம் பார்க்க வேண்டியது வேறு. புதிய மெஷின் உருவாக்கும்போது வரும் பட்டியலில் விண்டோஸ் 95, 98 என்று பெயர்கள் இருக்கும். பெயர் இருப்பதால் எல்லா வசதியும் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். திரை, மவுஸ், ஷேர்டு ஃபோல்டர் ஆகியவற்றைச் சரிசெய்யும் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற தொகுப்பு 95, 98, எம்இ மூன்றுக்கும் கிடையாது. எக்ஸ்பிக்கு உண்டு.

ஏற்றுவதற்கு உங்கள் சொந்த சிடியையும் கீயையும் பயன்படுத்துங்கள். பிளாட்பாரத்தில் வாங்கிய சிடியாக இருந்தால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது, கடைக் கணக்கை அதன்மேல் வைக்க வேண்டாம்.

எனக்கு விர்ச்சுவல் மெஷின் அவசியமா?

டாஸில் (விண்டோஸுக்கு முந்தைய, எழுத்துத் திரையில் ஓடும் ஓ.எஸ்.) ஓடும் ஒரே ஒரு புரோகிராம்தான் என்றால் அவசியமில்லை. 64-பிட் விண்டோஸில் 16-பிட் புரோகிராம்கள் ஓடாது, விண்டோஸ் 11 64-பிட்டாக மட்டுமே வருகிறது. அதனால்தான் ஃபாக்ஸ்புரோ, கிளிப்பர் புரோகிராம்களை இருமுறை தட்டினால் எதுவும் நடப்பதில்லை. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற இலவச மென்பொருளில் அவை நன்றாக ஓடும். இன்னொரு வசதியும் உண்டு: அதில் வேகத்தைக் குறைக்கலாம். டர்போ பாஸ்கலில் எழுதிய பழைய புரோகிராம்கள் சில, திறந்த உடனே ‘ரன்டைம் எர்ரர் 200’ என்று விழுவதைப் பார்த்திருப்பீர்கள். பிராசசரின் வேகத்தை அளக்க ஆரம்பத்தில் ஓர் எண்ணிக்கை ஓட்டும் அந்தப் புரோகிராமில், வேகம் கூடியதால் விடை அதற்கு ஒதுக்கிய இடத்தில் அடங்காமல் போவதே காரணம். டாஸ்பாக்ஸ்-எக்ஸில் வேகத்தை இறக்கினால் போதும்.

டேலி 7.2 கணக்கு என்றால் விர்ச்சுவல் மெஷினை நினைப்பதற்கு முன்னால், தரவைப் புதிய பதிப்புக்கு மாற்றும் வழியைப் பாருங்கள். அதற்கான கருவியை அந்த நிறுவனமே தந்திருக்கிறது.

விண்டோஸுக்குள் ஓடும் பேஜ்மேக்கர், விசுவல் பேசிக் 6 பில்லிங், லேத் மென்பொருள், லாக் (கம்ப்யூட்டரில் செருகினால்தான் மென்பொருள் திறக்கும் சாவிக் கருவி) போட்ட தமிழ் எழுத்துரு மென்பொருள் இவற்றுக்குத்தான் முழு விர்ச்சுவல் மெஷின் தேவை.

மெஷின் செட்டிங்கில் என்னென்ன வைக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குச் சரியாக விடை தெரிந்தால் கீழே உள்ள பாதி கேள்விகள் எழவே எழாது. ஒவ்வொரு ஓ.எஸ்ஸும் தான் பிறந்த ஆண்டுவரை வந்த வன்பொருளை மட்டுமே அறியும். 2001-இல் வந்த எக்ஸ்பியின் சிடியில் சாட்டா ஏஎச்சிஐ (புதிய வகை டிஸ்க் இணைப்பு) டிரைவர் இல்லை. 2009-இல் வந்த விண்டோஸ் 7-இன் சிடியில் யுஎஸ்பி 3 டிரைவர் இல்லை. சிடியில் இல்லாததை நீங்கள் மெஷினில் மாட்டினால் அது கண்ணுக்குத் தெரியாது.

விண்டோஸ் 98: ஒரே ஒரு பிராசசர் கோர். ரேம் 256 எம்பி. ஹார்ட் டிஸ்க் 4 அல்லது 8 ஜிபி, ஐடிஇ (பழைய வகை டிஸ்க் இணைப்பு) கன்ட்ரோலரில். சவுண்ட் கார்டு சவுண்ட் பிளாஸ்டர் 16. நெட்வொர்க் கார்டு வேண்டுமானால் பிசிநெட், அதற்கான டிரைவர் 98-இலேயே இருக்கிறது. மவுஸை யுஎஸ்பி டேப்லெட் என்று விட்டுவிடாமல் பிஎஸ்/2 என்று மாற்றுங்கள். யுஎஸ்பியை முழுக்க அணைத்துவிடுங்கள். ‘ஹோஸ்டில் 16 ஜிபி இருக்கிறதே, 98-க்கு 2 ஜிபி கொடுத்தால் பறக்குமே’ என்று நினைக்கத் தோன்றும். பறக்காது. 512 எம்பிக்கு மேல் போனாலே அதன் டிஸ்க் கேஷ் நிர்வாகம் தடுமாறி, ‘விண்டோஸைத் தொடங்கப் போதிய நினைவகம் இல்லை’ என்ற செய்தி வரும். நினைவகம் அதிகமானதால் வரும் ‘நினைவகம் போதவில்லை’ என்பதை நம்புவது கடினம், ஆனால் நடப்பது அதுதான்.

எக்ஸ்பி: ஒரு கோர், ரேம் 512 எம்பி முதல் 1 ஜிபி வரை, டிஸ்க் 20 ஜிபி, ஐடிஇ கன்ட்ரோலர் பிஐஐஎக்ஸ்4. நெட்வொர்க் கார்டில் இன்டெல் புரோ/1000 டி சர்வர் என்பதை எக்ஸ்பி டிரைவர் கேட்காமலே அறிந்துகொள்ளும். பெயரில் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் எம்டி டெஸ்க்டாப் விஸ்டாவுக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் உரியது. ஐ/ஓ ஏபிக் என்ற பெட்டியை ஏற்றும் முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள், ஏற்றிய பிறகு டிக்கை எடுத்தால் விண்டோஸ் திறக்காது.

விண்டோஸ் 7: 2 கோர், 2 ஜிபி ரேம், 40 ஜிபி டிஸ்க், சாட்டா சரி. ஈஎஃப்ஐ (கம்ப்யூட்டரைத் தொடங்கும் புதிய முறை) பெட்டியில் டிக் இருக்கக் கூடாது, இருந்தால் ‘ஸ்டார்ட்டிங் விண்டோஸ்’ என்ற லோகோவிலேயே நிற்கும்.

கீழே மூலையில் பச்சை ஆமை தெரிகிறது. எல்லாம் நத்தை வேகத்தில் ஓடுகிறது. என்ன அது?

விர்ச்சுவல்பாக்ஸ் அந்த ஆமை மூலமாக ஒரு முக்கியமான செய்தி சொல்கிறது. பிராசசரின் விர்ச்சுவலைசேஷன் வசதியை உங்கள் விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் நேரடியாக அந்த வசதியை எட்ட முடியாமல் ஹைப்பர்-வி வழியாகச் சுற்றிப் போகிறது. புதிய லினக்ஸ், விண்டோஸ் 10 எல்லாம் இந்தச் சுற்றுவழியிலும் ஒருவாறு ஓடிவிடும். 98-ம் எக்ஸ்பியும்தான் திணறும்: ஏற்றும்போது உறையும், காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆகும், மவுஸ் அசைய நேரமெடுக்கும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆமையைக் கவனிக்காமல் சிடியை மாற்றுவார்கள், ரேமை மாற்றுவார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீணாகும். முதலில் கீழ் மூலையைப் பாருங்கள். ‘வி’ என்ற எழுத்துள்ள சின்னம் இருந்தால் சரி. ஆமை இருந்தால் இதைச் சரிசெய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

ஹோஸ்டில் கன்ட்ரோல் பேனல் போய் விண்டோஸ் அம்சங்களை ஏற்றும், நீக்கும் பட்டியலைத் திறங்கள். ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம், சாண்ட்பாக்ஸ் ஆகியவற்றின் டிக்குகளை எடுங்கள். அதன்பின் விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, அதற்குள் கோர் ஐசொலேஷன், அதில் மெமரி இன்டெக்ரிட்டி. புதிய லேப்டாப்புகளில் இது இயல்பாகவே ஆனில் இருக்கும். இதை அணைத்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

மெமரி இன்டெக்ரிட்டி ஒரு நல்ல பாதுகாப்பு. அதை அணைப்பதில் இழப்பு இருக்கிறது. அதனால் வங்கி வேலை, ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கம்ப்யூட்டரிலேயே இதைச் செய்யாமல், பழைய ஓ.எஸ்ஸுக்கென்று ஒரு தனிக் கம்ப்யூட்டர் ஒதுக்குவதுதான் என் யோசனை. 8 ஜிபி ரேம் உள்ள செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் தாராளமாகப் போதும்.

‘விடி-எக்ஸ் பயாஸில் அணைக்கப்பட்டிருக்கிறது’ என்று வருகிறது.

பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கும் அடிப்படை செட்டிங் பகுதி) போய் ஆன் செய்யுங்கள். இன்டெல் என்றால் விடி-எக்ஸ் அல்லது இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி, ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற பெயரில் இருக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் 6.1 முதல் இந்த வசதி இல்லாமல் எந்த மெஷினும் திறக்காது.

எக்ஸ்பி செட்டப் ‘ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை’ என்கிறது. 20 ஜிபி கொடுத்திருக்கிறேனே?

டிஸ்க் சாட்டாவில் மாட்டியிருக்கும். செட்டிங்கில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய், சாட்டாவிலிருந்து அந்த டிஸ்க்கைக் கழற்றி (ஃபைலை அழிக்காமல்) ஐடிஇ கன்ட்ரோலரில் மாட்டுங்கள். எஃப்6 அழுத்தி ஃபிளாப்பியிலிருந்து டிரைவர் ஏற்றும் முறையும் உண்டு. ஐடிஇ இருக்கும்போது அந்தப் பாடு தேவையில்லை.

விண்டோஸ் 98 பாதி ஏறியதும் ‘விண்டோஸ் புரொடெக்‌ஷன் எர்ரர்’. சில சமயம் ஏதேதோ ஃபைல் பெயரைச் சொல்லிப் பிழை. சிடி கெட்டுவிட்டதா?

சிடி நன்றாகவே இருக்கும். உங்கள் பிராசசர் எந்தத் தலைமுறை என்று பாருங்கள். ஏஎம்டியின் ஜென் 2, அதற்குப் பிந்தியவை, இன்டெலின் 11-ஆம் தலைமுறை, அதற்குப் பிந்தியவை என்றால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

நினைவகத்தில் எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்ற முகவரிக் குறிப்பை பிராசசர் டிஎல்பி என்ற சிறு இடத்தில் வைத்திருக்கும். ஓ.எஸ். பக்கங்களை இடம் மாற்றினால், ‘பழைய குறிப்பை அழித்துவிடு’ என்று பிராசசரிடம் சொல்ல வேண்டும். விண்டோஸ் 9எக்ஸ் வரிசை இதைச் சில இடங்களில் ஒழுங்காகச் சொல்வதில்லை. அந்தக் காலத்துப் பிராசசர்களில் குறிப்புகள் தாமாகவே சீக்கிரம் மறைந்துவிட்டதால் இந்தக் குறை இருபது ஆண்டுகளாக வெளியே தெரியவில்லை. புதிய பிராசசர்கள் குறிப்புகளை நீண்ட நேரம் வைத்திருக்கின்றன, 98 தவறான இடத்தைப் படிக்கிறது. அதனால்தான் ஒரு முறை ஒரு பிழை, மறுமுறை வேறு பிழை என்று கணிக்க முடியாமல் வருகிறது.

பேட்சர்9எக்ஸ் என்ற இலவசக் கருவி இந்தக் குறையை 98-க்குள்ளேயே திருத்திவிடும். அது ஃபிளாப்பி இமேஜாகக் கிடைக்கிறது. செட்டப் ஃபைல்களை நகலெடுத்து முடித்து முதல் முறை ரீஸ்டார்ட் ஆகும் தருணத்தில், ஃபிளாப்பியிலிருந்து பூட் செய்து, கருவியை ஓட்டி, பிறகு ஃபிளாப்பியைக் கழற்றிவிட்டு செட்டப்பைத் தொடருங்கள்.

விண்டோஸ் 95-க்கு இதற்கு மேல் இன்னொரு பிரச்சினையும் உண்டு. அதன் நெட்வொர்க் பகுதி, தொடங்கும்போது ஒரு சுற்று எண்ணி நேரத்தை அளக்கும். பிராசசர் 2.1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டினால் அந்தச் சுற்று நொடியில் முடிந்து, அளந்த நேரம் பூஜ்யம் ஆகிவிடும். பூஜ்யத்தால் வகுக்கப் போய் விழுந்துவிடும். அதற்கும் தனித் திருத்தம் உண்டு. என் கருத்தில், 95 கட்டாயம் என்று மென்பொருளே கேட்காதவரை 98 இரண்டாம் பதிப்பை ஏற்றுங்கள்.

98 ஏறும் நடுவில் சிடி டிரைவ் காணாமல் போய், ஃபைலைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

டாஸ் டிரைவரிலிருந்து விண்டோஸ் டிரைவருக்கு மாறும் இடைவெளியில் இது நடக்கும். எஃப்டிஸ்க் கருவியால் டிஸ்க்கைப் பிரித்து, ரீஸ்டார்ட் செய்து, ஃபார்மட் முடித்ததும், சிடியில் உள்ள வின்98 ஃபோல்டரை முழுக்க சி டிரைவுக்கு நகலெடுத்து, அங்கிருந்தே செட்டப்பை ஓட்டுங்கள். பிறகு எந்த டிரைவர் கேட்டாலும் ஃபைல் கையருகிலேயே இருக்கும்.

விண்டோஸ் 2000 ஏற்றும்போது எம்எஸ்ஜினா.டிஎல்எல் என்று ஒரு பிழை. இன்னொரு முறை டிஸ்க் முழுக்க நிரம்பிவிட்டது என்றது.

இரண்டும் ஒரே நோய். விண்டோஸ் 2000-இன் ஹார்ட் டிஸ்க் டிரைவர், டிஸ்க்கிடம் வேலை கொடுத்த பிறகு பதில் வரக் கொஞ்சம் நேரமாகும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. பதில் உடனே வந்துவிட்டால் குழம்பி, ஃபைல்களைக் கெடுத்துவிடும், அல்லது வெறும் லாக் ஃபைல்களால் டிஸ்க்கை நிரப்பிவிடும். பதிலைக் கொஞ்சம் தாமதமாக்கும் ஒரு செட்டிங் விர்ச்சுவல்பாக்ஸில் உண்டு, அதன் கையேட்டில் விண்டோஸ் 2000 பற்றிய பகுதியில் கட்டளை அப்படியே இருக்கிறது. ஏற்றி முடித்த பிறகு அந்தச் செட்டிங்கை எடுத்துவிடலாம்.

எக்ஸ்பி ‘34 நிமிடம்’ என்று காட்டியபடி நின்றுவிட்டது.

அது சாதனங்களைத் தேடும் கட்டம். மெஷினை அணைத்து, யுஎஸ்பி, ஆடியோ, நெட்வொர்க் மூன்றையும் செட்டிங்கில் எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஏறி முடிந்த பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். ‘ஃபைலை நகலெடுக்க முடியவில்லை’ என்று வந்தால் மட்டும் சிடியைச் சந்தேகப்படுங்கள். கீறல் விழுந்த சிடியை நேரடியாக மாட்டாமல், நல்ல டிரைவில் ஐஎஸ்ஓவாக (முழு சிடியின் நகலான ஒற்றை ஃபைலாக) மாற்றிக்கொண்டு அதை மாட்டுங்கள்.

புயல் மழையில் பெட்டி மூழ்கிவிட்டது. ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பியது. அதையே விர்ச்சுவல் மெஷினாக மாற்ற முடியுமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடி, புளியந்தோப்பு, மணலி என்று தரைத்தளக் கடைகளில் தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகு இந்தக் கேள்வி நிறைய வருகிறது. முடியும், ஆனால் வரிசை தவறக் கூடாது.

தண்ணீர் பட்ட டிஸ்க்குக்கு எக்காரணம் கொண்டும் கரண்ட் கொடுக்காதீர்கள். ‘காய்ந்துவிட்டதா பார்க்கலாம்’ என்று ஒரு முறை ஆன் செய்வதிலேயே உள்ளே இருக்கும் தகடு கீறிப்போகும். உள்ளே நீர் போன டிஸ்க் என்றால் தரவு மீட்பு செய்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். உயரத்தில் இருந்து தப்பிய டிஸ்க், அல்லது மதர்போர்டு மட்டும் செத்த பெட்டியின் டிஸ்க் என்றால் நீங்களே செய்யலாம்.

ஐடிஇ-யிலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றும் அடாப்டர் ரிச்சி தெருவில் கிடைக்கும். அதில் மாட்டி, லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து, டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் முழு டிஸ்க்கையும் ஒரே இமேஜ் ஃபைலாக எடுங்கள். படிக்க முடியாத இடங்களைத் தாண்டிப் போய், நல்ல பகுதியை முதலில் காப்பாற்றிவிட்டு, பிறகு திரும்பி வந்து முயலும் கருவி அது. அந்த இமேஜை இன்னொரு நகல் எடுத்து வைத்துவிட்டு, மூல டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். இனி அதைத் தொட வேண்டியதில்லை. இமேஜை விர்ச்சுவல்பாக்ஸின் டிஸ்க் வடிவத்துக்கு மாற்றும் கட்டளை அதன் விபாக்ஸ்மேனேஜ் கருவியில் இருக்கிறது.

இப்போது எக்ஸ்பி மெஷினைத் திறந்தால் 7பி என்று முடியும் எண்ணுடன் நீலத்திரை வர வாய்ப்பு அதிகம். பயப்படாதீர்கள், தரவு அழியவில்லை. பழைய மதர்போர்டின் டிஸ்க் கன்ட்ரோலரை எக்ஸ்பி மனதில் வைத்திருக்கிறது, புதிய இடத்தில் அது இல்லை. டிஸ்க்கை ஐடிஇயில் மாட்டி, கன்ட்ரோலர் வகையை பிஐஐஎக்ஸ்3, பிஐஐஎக்ஸ்4, ஐசிஎச்6 என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் எக்ஸ்பி சிடியில் பூட் செய்து ரிப்பேர் இன்ஸ்டால் போட வேண்டும். முதல் திரையில் வரும் ஆர் என்ற ரெக்கவரி கன்சோலைத் தேர்ந்தெடுக்காமல் என்டர் அடித்து, ஒப்பந்தத்துக்கு எஃப்8 கொடுத்து, பழைய விண்டோஸைக் கண்டுபிடித்துக் காட்டும்போது ஆர் அழுத்துங்கள். புரோகிராம்களும் ஃபைல்களும் அப்படியே இருக்கும், சிஸ்டம் பகுதி மட்டும் புதிதாக ஏறும்.

பழைய பெட்டி இன்டெல், புதிய ஹோஸ்ட் ஏஎம்டி என்றால் இன்டெல்பிபிஎம் என்ற டிரைவர் பெயருடன் வேறொரு நீலத்திரை வரலாம். அப்போதுதான் ரெக்கவரி கன்சோல் பயன்படும்: உள்ளே போய் டிசேபிள் கட்டளையால் அந்த டிரைவரை நிறுத்துங்கள். விர்ச்சுவல் மெஷினில் அதற்கு வேலையே இல்லை.

எல்லாம் முடிந்ததும் எக்ஸ்பி மீண்டும் ஆக்டிவேஷன் கேட்கும். வன்பொருள் மாறியதாக அது கருதுகிறது. பெட்டியில் ஒட்டியிருந்த கீ ஸ்டிக்கரை, பெட்டியைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள்.

திரை 16 நிறத்தில், சின்னதாகவே இருக்கிறது.

எக்ஸ்பி, 7 என்றால் கெஸ்ட் அடிஷன்ஸ் போடுங்கள். விண்டோஸ் 7-இல் அது ஏற மறுத்தால், 2019-இல் வந்த எஸ்ஹெச்ஏ-2 கையொப்பத் திருத்தங்களை முதலில் போட வேண்டும். 98-க்கு விபிஇஎம்பி என்ற பொது டிரைவர் அல்லது சாஃப்ட்ஜிபியு தொகுப்பு. பேஜ்மேக்கருக்கு விபிஇஎம்பியே போதும்.

பில் டாட் மேட்ரிக்ஸில்தான் வர வேண்டும். விர்ச்சுவல் மெஷினிலிருந்து எப்படி அடிப்பது?

சௌகார்பேட்டையிலும் எம்.சி. ரோட்டிலும் கார்பன் நகலுடன் பில் கொடுக்கும் கடைகள் இன்றும் இருக்கின்றன. பில்லிங் ஓடினாலும் பிரிண்ட் வராவிட்டால் அந்தக் கடைக்காரருக்கு வேலை முடியவில்லை. ஆனால் பேரலல் போர்ட்டை நேரடியாகக் கெஸ்டுக்குக் கொடுப்பதில் விர்ச்சுவல்பாக்ஸ் பலவீனமானது. அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

கெஸ்ட் எக்ஸ்பி, பிரிண்டரில் யுஎஸ்பி இருக்கிறது என்றால் எளிது. யுஎஸ்பி மெனுவில் அந்தப் பிரிண்டரை டிக் செய்து கெஸ்டுக்குக் கொடுத்து, எக்ஸ்பிக்கான டிரைவரைப் போடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதல் யுஎஸ்பி 2-க்கும் 3-க்கும் எக்ஸ்டென்ஷன் பேக் தேவையில்லை.

டாஸ் பில்லிங், 98-க்குள் ஓடுகிறது என்றால் சீரியல் போர்ட்டைப் பயன்படுத்துங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் சீரியலை நன்றாகக் கையாளும். எப்சன் எல்எக்ஸ்-310 போன்ற பிரிண்டர்களில் யுஎஸ்பி, பேரலல், சீரியல் மூன்றுமே இருக்கின்றன. செட்டிங்கில் காம்1 என்ற கெஸ்டின் சீரியல் போர்ட்டை ஹோஸ்டின் சீரியல் போர்ட்டோடு இணைத்து, கெஸ்டில் மோட் கட்டளையால் எல்பிடி1 என்ற பேரலல் போர்ட்டுக்குப் போவதைக் காம்1-க்குத் திருப்பிவிடுங்கள். பிரிண்டரின் வேகமும் போர்ட்டின் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குப்பை எழுத்துகள் வரும். புரோகிராம் போர்ட்டில் நேரடியாக எழுதும் ரகம் என்றால் இந்தத் திருப்பல் வேலை செய்யாது. அப்போது விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனைப் பாருங்கள்: அதில் பேரலல் போர்ட் சேர்த்து, அச்சாவதை ஒரு ஃபைலில் விழ வைக்கலாம், அந்த ஃபைலை ஹோஸ்ட் பிரிண்டருக்கு அப்படியே அனுப்பலாம். 2024 நவம்பரிலிருந்து அது கடை, அலுவலகப் பயன்பாட்டுக்கும் இலவசம்.

லேத் பட்டறைக்காரர்களுக்கும் இதே சீரியல் வழிதான். லேத் மெஷினுக்குப் போகும் கேபிளை ஹோஸ்டில் மாட்டி, காம்1-ஐக் கெஸ்டுக்குக் கொடுங்கள்.

மென்பொருளுக்கு லாக் இருக்கிறது.

யுஎஸ்பி லாக் என்றால் எக்ஸ்பி கெஸ்டுக்குப் பிரிண்டரைப் போலவே கொடுக்கலாம். ஹோஸ்டில் அதன் டிரைவரைப் போட வேண்டாம், இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக்கொள்ளும். பேரலல் போர்ட் லாக் என்றால் விர்ச்சுவல்பாக்ஸில் நேரத்தைச் செலவிடாதீர்கள். மென்பொருள் நிறுவனம் இன்னும் இருந்தால் யுஎஸ்பி லாக்குக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால் அந்த ஒரு வேலைக்குப் பழைய பெட்டியையே காப்பாற்ற வேண்டியிருக்கும்.

ஃபைலை உள்ளே கொண்டுபோவது, வெளியே எடுப்பது எப்படி?

எக்ஸ்பிக்கு ஷேர்டு ஃபோல்டர். நெட்வொர்க் வழியாக ஷேர் போட்டு முயன்றால் வராது: எக்ஸ்பி அறிந்தது எஸ்எம்பி1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறை மட்டும், விண்டோஸ் 10-இல் 2017 இலையுதிர்காலப் பதிப்பிலிருந்து அது இயல்பாக இருப்பதில்லை. அதை மீண்டும் ஏற்றச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள்.

98-க்கு, உள்ளே அனுப்ப ஃபைல்களை ஐஎஸ்ஓவாக்கி சிடியாக மாட்டுங்கள். வெளியே எடுக்க ஒரு நல்ல வழி: மெஷின் உருவாக்கும்போதே டிஸ்க் வடிவமாக விஎச்டியைத் தேர்ந்தெடுங்கள். மெஷினை முழுக்க அணைத்தபின், ஹோஸ்டின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த விஎச்டியை இணைத்தால் சாதாரண டிரைவாகத் தெரியும். எடுத்ததும் இணைப்பை நீக்கிவிட்டுத்தான் மெஷினைத் திறக்க வேண்டும். ஸ்னாப்ஷாட் (மெஷினின் அந்த நேரத்து நிலையைப் பதிந்து வைப்பது) எடுத்த மெஷினில் இந்த வழியைப் பயன்படுத்தாதீர்கள், டிஸ்க் சங்கிலி முறிந்துவிடும்.

வெளியே எடுத்த தமிழ் ஃபைல் எல்லாம் ஆங்கிலக் குப்பையாகத் தெரிகிறது.

ஃபைல் கெடவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. 1999-இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் என்ற எழுத்துக் குறியீட்டு வகைகளிலும் எழுத்துருவோடு சேர்ந்தால்தான் உரை தமிழாகத் தெரியும். கெஸ்டின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து எழுத்துருக்களை நகலெடுத்து ஹோஸ்டில் போட்டால் படிக்க முடியும். நீண்ட காலத்துக்கு என்றால் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பல ஆண்டு அழைப்பிதழ் வாசகங்களைச் சேர்த்து வைத்திருக்கும் அச்சகங்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்த ஆள் கடையில் இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும்.

எக்ஸ்பிக்குள் இன்டர்நெட் கொடுக்கலாமா?

வேண்டாம். விர்ச்சுவல் மெஷினுக்குள் இருப்பதால் பாதுகாப்பு என்று பலரும் நம்புகிறார்கள். நெட்வொர்க்கில் இணைந்த பிறகு அது மற்ற எந்த எக்ஸ்பியையும் போலத் தாக்கக்கூடியதுதான். 2017 மே மாதம் வானாக்ரை பரவியபோது, ஆதரவு முடிந்து மூன்றாண்டு ஆகியும் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கு விதிவிலக்காக ஒரு திருத்தம் வெளியிட வேண்டிவந்தது. ஷேர்டு ஃபோல்டருக்கு இன்டர்நெட் தேவையில்லை. ஏற்றி முடித்ததும் நெட்வொர்க் கார்டின் டிக்கை எடுத்துவிடுங்கள். ஷேர்டு ஃபோல்டரிலும் ஹோஸ்டின் முழு டிரைவைக் கொடுக்காமல் ஒரே ஒரு ஃபோல்டரைக் கொடுங்கள்.

விண்டோஸ் 11-ஐ ஏற்றினால் ‘இந்தக் கம்ப்யூட்டரில் ஓடாது’ என்கிறது.

இங்கே மட்டும் கதை தலைகீழ்: மெஷின் பழையதாக இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் 7-க்கு மாறி, ஈஎஃப்ஐ, செக்யூர் பூட், டிபிஎம் 2.0 மூன்றையும் ஆன் செய்து, 2 கோர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க் கொடுங்கள்.

மேக் ஓ.எஸ்?

ஆப்பிள் கம்ப்யூட்டர் அல்லாததில் அதை ஏற்ற ஆப்பிளின் உரிமம் அனுமதிப்பதில்லை. அதற்கு நான் வழி சொல்வதில்லை.

கரண்ட் போய்ப் போய் வருகிறது. மெஷின் கெட்டுவிடாதா?

கெடும். ஹோஸ்ட் திடீரென்று அணைந்தால், கெஸ்டைப் பொறுத்தவரை பிளக்கைப் பிடுங்கியதற்குச் சமம். 98-இன் ஃபேட்32-க்கு அதைத் தாங்கும் சக்தி குறைவு. யுபிஎஸ் கட்டாயம். மாலையில் கடை சாத்தும்போது கெஸ்டை அதன் ஸ்டார்ட் மெனுவிலிருந்தே முறையாக ஷட் டவுன் செய்யுங்கள், ‘சேவ் ஸ்டேட்’ வேண்டாம்.

ஸ்னாப்ஷாட்டைப் பேக்கப்பாகக் கருதாதீர்கள். அது அதே டிஸ்க்கில் இருக்கிறது, அந்த டிஸ்க் போனால் சேர்ந்து போகும். மெஷின் சரியாக ஓடத் தொடங்கிய அன்று, அதை அணைத்துவிட்டு, ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் அப்ளையன்ஸ் கொடுத்து ஓவிஏ என்ற ஒற்றை ஃபைலாக வெளியே எடுங்கள். ஒரு நகல் வெளி ஹார்ட் டிஸ்க்கில் கடையில் இருக்கட்டும், இன்னொன்று வீட்டில், தரைத்தளமாக இல்லாத இடத்தில். அன்றாடக் கணக்கு ஃபோல்டரைத் தனியாக வாரம் ஒருமுறை வெளியே எடுங்கள்.

பிறகு அந்த ஓவிஏவை வேறொரு கம்ப்யூட்டரில் இம்போர்ட் செய்து திறந்து, ஒரு பழைய பில்லைத் தேடி எடுத்து, பிரிண்டும் போட்டுப் பாருங்கள். அது வந்த பிறகு பழைய பெட்டியைக் கழற்றலாம்.